வண்டியில இருந்து விழலை தாயி!

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் இன்டர்னலுக்கு முந்தின நாள், ராத்திரி ரெண்டு மணி. ஹாஸ்டலே உட்கார்ந்து 'ரூட் லோகஸ்' வரைஞ்சுக்கிட்டு இருக்கு. நான் மட்டும் போர்வைக்குள்ள போன் டார்ச் அடிச்சு, தலகாணி தண்டி ஒரு நாவலைப் படிச்சு மூக்கை உறிஞ்சிக்கிட்டு இருக்கேன். மார்க் எவ்வளவுன்னு மட்டும் கேட்காதீங்க. அந்த மார்க்குக்குக் காரணமான புத்தகத்தைத்தான் இந்த வாரம் நம்ம 'கடைசி பெஞ்ச்' பக்கத்துல விசாரிக்கப் போறோம்.

எல்லாம் என் ரூம்மேட்டால வந்த வினை. அவ கோட்டயத்துக்காரி. ஓணம் லீவுக்கு ஊருக்குப் போனவ, ரெண்டு கிலோ நேந்திரங்கா சிப்ஸும் இந்தப் புத்தகமும் தூக்கிட்டு வந்தா. சிப்ஸ் ஒரே ராத்திரியில காலி. புத்தகத்துக்குப் பதினோரு ராத்திரி ஆச்சு. முடிச்சதும் எங்களுக்குள்ள பெரிய சண்டை. அவளுக்கு அது வாழ்க்கையிலேயே பிடிச்ச நாவல். எனக்கு அதோட கடைசி நூறு பக்கம் மேல செம கோபம். ஏன் கோபம்னு சொல்றேன். ஆனா, க்ளைமாக்ஸை உடைக்காம சொல்ல முடியாது. படிக்கப் போறவங்க இங்கேயே யூ-டர்ன் அடிச்சுக்கலாம். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது!

தண்ணிதான் வில்லன்!

நாவல் பேரு 'தி கவனென்ட் ஆஃப் வாட்டர்'. நம்ம பாஷையில 'தண்ணீரின் உடன்படிக்கை'ன்னு வெச்சுக்கலாமே. எழுதினவர் ஆபிரகாம் வர்கீஸ். மலையாளிப் பெற்றோருக்கு எத்தியோப்பியாவில் பிறந்தவர். நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படிச்சு, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரா இருக்கிற டாக்டர். 2009-ல் வந்த இவரோட 'கட்டிங் ஃபார் ஸ்டோன்' பெரிய ஹிட். அடுத்த நாவலான இது வர 2023 ஆயிடுச்சு. வந்த சூட்டோட ஓப்ரா வின்ஃப்ரே தன் புக் கிளப்புக்கு எடுத்துக்கிட்டதால, உலகம் பூரா விற்பனை.

கதைக்கு விதை போட்டது அவரோட அம்மா. 'நீங்க சின்னப் பொண்ணா இருந்தப்போ எப்படி இருந்தது?'ன்னு பேத்தி கேட்டதுக்கு, தன் சின்ன வயசு ஞாபகங்களை நோட்டுப் புத்தகத்துல கையால எழுதி, படமும் வரைஞ்சு கொடுத்தாங்களாம். நாவலோட முதல் பாதியில சமையல்கட்டு வாசனை அடிக்குதுன்னா காரணம் அந்த நோட்டுதான்.

கதை 1900-ல் திருவிதாங்கூரில் தொடங்குது. சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் ஒண்ணு. பன்னிரண்டு வயசுப் பொண்ணை நாற்பது வயசு மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுக்கிறாங்க. அவருக்கு இது ரெண்டாம் தாரம். வீட்டு பேரு பரம்பில். சுத்திலும் ஆறு, காயல், வாய்க்கால். எங்கே போகணும்னாலும் வள்ளம்தான். ஆனா, அந்த மாப்பிள்ளை மட்டும் வள்ளத்தில் கால் வைக்க மாட்டார். எத்தனை மைல் ஆனாலும் நடைதான். ஏன்னு அந்தப் பொண்ணுக்கு யாரும் சொல்லலை.

மூத்த தாரத்துப் பையன் ஜோஜோ ஒருநாள் வாய்க்காலில் மூழ்கிச் சாகிறான். அதுக்கு அப்புறம்தான் குடும்பத்தோட வம்சாவளித் தாள் ஒண்ணு வெளியே வருது. தலைமுறைக்கு ஒருத்தர், ரெண்டு பேர் தண்ணியில போயிருக்காங்க. அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வர்ற பொண்ணுங்களுக்கு மட்டும் அது தெரியாது. தாலி ஏறி, பிள்ளையும் போன பிறகுதான் தெரியும்.

அந்தப் பன்னிரண்டு வயசுப் பொண்ணுதான் பின்னாடி 'பெரிய அம்மச்சி'யா அந்த வீட்டையே தாங்குறவ. அவ மகன் பிலிப்போஸ், அவன் மனைவி எல்சி, அவங்க மகள் மரியம்மா... இப்படி 1977 வரைக்கும் கதை ஓடுது. அந்த வியாதிக்குக் குடும்பத்துல ஒரு பேரு கூட கிடையாது. 'அந்தக் குறை' என்கிற மாதிரிதான் குறிப்பிடுறாங்க.

ஈ.சி.ஈ. மூளைக்குப் பிடிச்ச இடம்!

முதல்ல பாராட்டை முடிச்சுடுவோம். மரியம்மா டாக்டருக்குப் படிச்சு, அந்தக் குறை என்னன்னு கண்டுபிடிக்கிற இடம் இருக்கே... அதுக்கு நான் விசிலே அடிச்சேன்.

மனுஷன் நேரா நிக்கிறதுக்கு மூணு சென்சார் வேலை செய்யுது. கண்ணு ஒண்ணு. பாதமும் மூட்டும் தர்ற அழுத்தம் ரெண்டு. காதுக்கு உள்ளே இருக்கிற சமநிலை உறுப்பு மூணு. ட்ரோன்ல ஜைரோஸ்கோப் செய்யுற வேலையைத்தான் இந்த மூணாவது ஆள் செய்யுறாரு. இவர் படுத்துட்டாலும் தரையில பெருசா தெரியாது. மத்த ரெண்டு பேரும் சமாளிச்சுடுவாங்க. ஆனா, கலங்கின தண்ணியில கண்ணு தெரியாது, காலுக்கும் பிடிமானம் கிடையாது. அப்போ எது மேல, எது கீழன்னே உடம்புக்குத் தெரியாது. மேல வர்றோம்னு நினைச்சுக் கீழ போவாங்க. கைக்கு எட்டுற தண்ணியில கூட மனுஷன் முழுகிடுவான்!

காதுல இருந்து மூளைக்குப் போற நரம்பில் ரெண்டு பக்கமும் கட்டி வளர்றதுதான் காரணம். அதே நரம்புதான் கேட்கும் திறனுக்கும் பொறுப்பு. அதனாலதான் பிலிப்போஸுக்குக் காது மந்தமாகுது. மருத்துவத்தில் 'நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் டைப் 2'ன்னு சொல்ற பரம்பரை நோயோட சாயல் இது. அப்பா, அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு 50 சதவீதம். காசு சுண்டிப் பார்க்கிற கணக்கு. இதுக்கான மரபணுவைக் கண்டுபிடிச்சது 1993-ல்தான். பரம்பில் குடும்பத்துக்கு அதெல்லாம் கிடைக்கலை. அவங்ககிட்ட இருந்தது அந்த ஒரு தாள் மட்டும்தான். அதையும் மடிச்சு ஒளிச்சு வெச்சாங்க.

அந்தத் தாளைத்தான் என்னால தாண்டிப் போக முடியலை. காரணத்தைச் சொல்லணும்னா, எங்க வீட்டுக் கதைக்கு வரணும்.

அரிசிப் பானைக்குள்ள மாத்திரை

ஃபர்ஸ்ட் இயர்ல காலேஜ் மெடிக்கல் கேம்ப். ஒரு ஃபாரம் கொடுத்தாங்க. 'குடும்பத்தில் யாருக்காவது கீழ்க்கண்ட நோய்கள் உண்டா?'ன்னு பத்து, பதினஞ்சு கட்டம். அப்பாவுக்கு போன் போட்டேன். ''எல்லாத்துக்கும் இல்லைன்னு டிக் பண்ணிட்டுப் போம்மா. அதெல்லாம் யாரு படிக்கப் போறா?''ன்னு வெச்சுட்டாரு. நானும் வரிசையா 'இல்லை' போட்டுட்டு, ஓசி குளுகோஸ் பிஸ்கட்டை வாங்கிட்டு வந்துட்டேன்.

அந்த வருஷம் பொங்கல் லீவு. ஊர்ல அப்பத்தாவுக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டே இந்தக் கதையைச் சும்மா சொன்னேன். அப்பத்தா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் சுவர்ல மாட்டியிருந்த சித்தப்பா போட்டோவைப் பார்த்துச்சு. நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே, 1997-ல் இறந்தவர். 'வண்டியில இருந்து விழுந்துட்டான்'. இதுதான் எங்க வீட்ல காலங்காலமா சொல்ற ஒரே வாக்கியம்.

''அவன் வண்டியில இருந்து விழலை தாயி. வண்டியில போறப்ப அவனுக்கு அது வந்துருச்சு''ன்னுச்சு அப்பத்தா.

'அது'ன்னா வலிப்பு. பத்து வயசுல இருந்தே சித்தப்பாவுக்கு இருந்திருக்கு. மாத்திரையை மஞ்சப் பையில சுத்தி அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்காங்க. ''உங்க அத்தையைப் பொண்ணு கேட்டு வந்துக்கிட்டு இருந்தாக. வர்றவுக கண்ணுல பட்டுறக் கூடாதுல்ல?'' விருந்தாளி வந்துட்டா அன்னைக்கு மாத்திரை கிடையாது. ''வண்டி ஓட்டாதடான்னு சொல்லணும்னுதான் இருந்துச்சு. வயசுப் பய வண்டி ஓட்டலைன்னா, ஏன் ஓட்டலைன்னு ஊரு கேக்குமே தாயி.''

வலிப்பு இருக்கிற பத்துப் பேர்ல ஏழு பேர் வரைக்கும் சரியான மருந்தை ஒழுங்கா எடுத்துக்கிட்டா வலிப்பே வராம வாழலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. எங்க வீட்ல மருந்து இருந்தது. அரிசிக்கு அடியில.

வீட்டுக்காரங்களை மட்டும் குத்தம் சொல்லிட்டுப் போயிட முடியாது. நம்ம ஊர் சட்டமே அப்படித்தான் இருந்தது. இந்து திருமணச் சட்டத்தில், அடிக்கடி வலிப்பு வர்றவங்க கல்யாணம் செஞ்சுக்கத் தகுதி இல்லாதவங்கன்னு ஒரு வரி இருந்தது. அதைத் தூக்கினது 1999-ல். சித்தப்பா போய் ரெண்டு வருஷம் கழிச்சு.

அப்புறம் எதுக்கு கோபம்?

இப்போ புரியுதா, பெரிய அம்மச்சி அந்தத் தாளைப் பார்த்து 'என்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லலை?'ன்னு உடைஞ்சு போற இடத்துல நான் ஏன் போர்வைக்குள்ள மூக்கை உறிஞ்சினேன்னு? அந்த இடம் வரைக்கும் வர்கீஸ் என் கட்சி. மறைச்சா சாவு வரும்னு சொல்ற நாவல்னு நம்பிட்டேன்.

கடைசி நூறு பக்கத்துல ஆள் கட்சி மாறிட்டாரு மக்களே!

எல்சி ஒரு ஓவியர், சிற்பி. மகன் நினன், பலா மரத்துல இருந்து விழுந்து கோரமா சாகிறான். அந்த மரத்தை வெட்டச் சொல்லி எல்சி முன்னாடியே கேட்டிருந்தா. பிலிப்போஸ் கொடுத்த வாக்கைக் காப்பாத்தலை. ரெண்டு பேரும் பிரியுறாங்க. அப்புறம் எல்சி திரும்பி வர்றா, மரியம்மா பிறக்கிறா. கொஞ்ச நாள்லயே எல்சி ஆத்துல போயிட்டதா எல்லாரும் நம்புறாங்க. உடம்பு மட்டும் கிடைக்கலை. அது 1951.

இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு, அப்பா எழுதி வெச்ச டைரிகளைப் படிச்ச பிறகு மரியம்மாவுக்கு உண்மை தெரியுது. அவளைப் பெத்த அப்பா பிலிப்போஸ் இல்லை. டிக்பின்னு ஒரு ஸ்காட்லாந்து டாக்டர். அம்மா சாகவும் இல்லை. தொழுநோய் வந்ததால, குழந்தைக்குத் தொத்திடக் கூடாதுன்னு செத்த மாதிரி காட்டிட்டு, ஒரு தொழுநோய் இல்லத்துல இத்தனை வருஷம் வாழ்ந்துக்கிட்டு இருக்கா.

செம ட்விஸ்ட்தான். இல்லைன்னு சொல்லலை. ஆனா, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. மரியம்மா பிலிப்போஸோட ரத்தம் இல்லைன்னா, அந்தக் குறை அவளுக்கு வர்றதுக்கு வாய்ப்பே இல்லை! மூணு தலைமுறையா, எழுநூறு பக்கமா, 'ரத்தத்துல இருக்கு, தப்பிக்க முடியாது'ன்னு நம்மளை மிரட்டிட்டு, கதாநாயகிக்கு மட்டும் ஒரு விடுதலைப் பத்திரம் நீட்டுறாரு. கட்டி யாருக்கு வருது? அவ காதலிக்கிற தூரத்து உறவுக்காரன், நக்சலைட் லெனினுக்கு. அவளுக்கு இல்லை.

திரும்பிப் பார்த்தா, நாவல் பூராவும் இதே டெக்னிக்தான். பன்னிரண்டு வயசுப் பொண்ணை நாற்பது வயசுக்காரருக்குக் கட்டி வைக்கிறாங்களே, என்ன கொடுமைன்னு நாம பதறும்போது, அவர் தங்கமானவரா இருந்துடுறாரு. அவ வளர்ற வரைக்கும் கிட்டேயே வர்றதில்லை. நல்ல விஷயம்தான். ஆனா, அந்தப் பொண்ணு தப்பிச்சது அதிர்ஷ்டத்தால. அதே வருஷம் அதே ஊர்ல கட்டிக் கொடுத்த மத்த பன்னிரண்டு வயசுப் பொண்ணுங்களுக்கு? கஷ்டமான கேள்வியைக் கேட்டுட்டு, அதிர்ஷ்டத்தைக் கொடுத்துத் தப்பிக்க வைக்கிறது நியாயமா? எங்க சித்தப்பாவுக்கு யாரும் அப்படி ஒரு பத்திரம் நீட்டலையே!

அதைவிட எனக்கு வலிச்சது வேற. முதல் பாதியில ரகசியம் ஒரு குற்றம். கடைசியில ரகசியம் ஒரு தியாகம். எல்சி மறைஞ்சு வாழ்ந்தது தியாகம், பிலிப்போஸ் டைரியோட நிறுத்திக்கிட்டது பெருந்தன்மைன்னு நாவல் கண்ணைத் துடைச்சுக்குது. அந்த மௌனத்தால ஒரு பொண்ணு அம்மா இல்லாமலே வளர்ந்தாளே, அதுக்கு நாவல் கணக்கே கேட்கலை.

ரூம்மேட்டின் எதிர்வாதம்

''ஏய், 1951-ல அவ வேற என்ன பண்ணியிருக்க முடியும்?''னு ரூம்மேட் எகிறினா. நியாயமான கேள்வி. தொழுநோய்க்கு இன்னைக்குக் கொடுக்கிற கூட்டு மருந்து சிகிச்சை 1980-களில்தான் வந்தது. வேலூர்ல டாக்டர் பால் பிராண்ட், மடங்கிப் போன விரல்களை அறுவை சிகிச்சையால் திருப்பி வேலை செய்ய வெச்சதே 1940-களோட கடைசியில ஆரம்பிச்ச கதை. அவ்வளவு ஏன், தொழுநோய் இருக்குன்னு காரணம் காட்டி விவாகரத்து வாங்கலாம் என்கிற விதியை நம்ம நாடாளுமன்றம் நீக்கினது 2019-ல். நம்ம எட்டாவது, ஒன்பதாவது படிச்சுக்கிட்டு இருந்த வருஷம்!

அதனால எல்சி மேல எனக்குக் கோபமே இல்லை. எழுதினவர் மேலதான். சமையல்கட்டுப் பெரிய அம்மச்சியில இருந்து கிளாஸ்கோவுல இருந்து வந்த டாக்டர் வரைக்கும் எல்லார் மனசுக்குள்ளயும் புகுந்து வர்றவரு, எல்சியோட அந்த இருபத்தஞ்சு வருஷத்தை மட்டும் பெரும்பாலும் டிக்பி வழியாத்தான் காட்டுறாரு. சிற்பியோட கை உணர்ச்சி போகும்போது அவளுக்கு என்ன தோணுச்சு? மகளோட ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் என்ன செஞ்சா? ட்விஸ்ட்டைக் காப்பாத்தணும்னா எல்சியை மறைச்சே ஆகணும். ஊர் அவளை மறைச்சது, கதையும் மறைச்சுடுச்சு.

அதே நாவல்ல மறைக்கவே மறைக்காத ஒரு விஷயமும் இருக்கு. பரம்பில் வீட்டுக்கே உழைச்ச புலையர் சமூகத்து ஷாமுவேலும், அவர் மகன் ஜோப்பனும். சின்ன வயசுல பிலிப்போஸோட பாடம் படிக்க வந்த ஜோப்பனை வாத்தியார் அடிச்சு விரட்டுறாரு. பெரியவன் ஆனதும் ஜோப்பன், பிலிப்போஸைப் பார்த்து நேராவே கேட்கிறான். நீங்க அன்பா நடத்தினீங்கன்னு நினைக்கிறீங்களே, அந்த அன்புதான் உங்க கண்ணை மறைக்குது என்கிற அர்த்தத்துல. என்னைக் கேட்டா, நாவலோட உச்சம் அந்தப் பக்கங்கள்தான். ட்விஸ்ட் கிடையாது, வம்சாவளித் தாள் கிடையாது. ரெண்டு பேர் உட்கார்ந்து உண்மையைப் பேசுறாங்க, அவ்வளவுதான். இப்படி எழுதத் தெரிஞ்சவர் கடைசியில ஏன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் மகள்னு சினிமா ஃப்ரேம் வெச்சு முடிச்சாரு?

சரி, படிக்கலாமா?

கட்டாயம் படிங்க. திட்டுறதுக்கும் ஒரு தகுதி வேணும்ல? அந்தத் தகுதி இதுக்கு இருக்கு. ஆனா, ரகசியம் எப்போ உடையும்னு பக்கத்தை வேகமாப் புரட்டாதீங்க. அந்த ரகசியத்தால நடுவுல யார் யார் செத்தாங்கன்னு எண்ணிக்கிட்டே படிங்க.

கடைசியா ஒண்ணு. இந்தப் பக்கத்தை எழுதுறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட சொன்னேன். ''பைத்தியமா உனக்கு? நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை பார்க்கணும். நம்ம வீட்டுக் கதையைப் பத்திரிகையில போடுவியா?''ன்னு பதறிட்டாங்க. பாருங்க, 1900-ல் பரம்பில் வீட்டுக்காரங்க சொன்ன அதே காரணம். அப்பா ஒண்ணும் சொல்லலை. போனை அப்பத்தாகிட்ட கொடுத்துட்டாரு.

அப்பத்தா கொஞ்ச நேரம் யோசிச்சுச்சு. ''எழுது தாயி. அவன் பேரை மட்டும் போடாத. மாத்திரையை ஒளிச்சு வெச்சது நான்தான்னு போடு.''

போட்டுட்டேன் அப்பத்தா.

மக்களே, அடுத்த தடவை ஏதாவது ஃபாரம்ல அந்தக் கட்டங்கள் வந்தா, வரிசையா 'இல்லை' போடுறதுக்கு முன்னாடி வீட்ல ஒரு போன் போடுங்க. அப்பாகிட்ட வேண்டாம். அப்பத்தாகிட்ட கேளுங்க. இந்த வருஷம் மெடிக்கல் கேம்ப்ல நான் ஒரு கட்டத்துல 'ஆம்' போட்டேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்து, ரெண்டு கேள்வி கேட்டாங்க, எழுதிக்கிட்டாங்க. மொத்தமே ரெண்டு நிமிஷம்தான்.

சரி, கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் ரீ-டெஸ்ட் கூப்பிடுது. அடுத்த வாரம் பார்ப்போம்!